பட்டாசு நாட்டின் பழைய கடன்

பொழுது விடியுமுன் பட்டாசு ஆலையின் வண்டி ஊர்முனையில் வந்து நிற்கிறது. வேலைக்குப் புறப்பட்ட பெண்ணோ வாசலில் தயங்கி நிற்கிறாள். உள்ளே இருக்கும் தாய், பெற்ற மகளையே யாரென்று கேட்கிறாள். கதவு திறந்திருந்தால் வெளியேறி விடுகிறாள்; திரும்பும் வழி அறியாள். மகள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி இல்லை. வேலைக்குச் சென்றால் தாய்க்குக் காவல் இல்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் இத்தகைய தர்மசங்கடத்தில் சிக்கிய ஏழைக் குடும்பங்களைப் பற்றி நமது வாசகர்கள் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.

இதை வயோதிகத்தின் இயல்பென்று தள்ளிவிடுவது நம்மவர் வழக்கம். அது தவறு. டிமென்ஷியா என்னும் இம்மறதி நோய் மூளையைப் பற்றும் வியாதி. 60 வயது கடந்த இந்தியரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லக்ஷம் பேர், இதற்கு ஆளாகியிருப்பதாக 2023இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது அதிகமென்றும் அது கண்டது. இளமையில் கல்வியின்மை முதுமையில் இவ்வியாதி வரும் அபாயத்தைப் பெருக்கும் என்பதும் வைத்திய நிபுணர்கள் கூறும் உண்மை.

இங்கேதான் விருதுநகர் ஜில்லா தன் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிலேட்டு ஏந்த வேண்டிய சிறுமிகளை நாம் தீக்குச்சி அடுக்க அனுப்பினோம். சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளைப் பற்றி எழுந்த வழக்கில், அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்று 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். அதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பே குச்சியடுக்கி வளர்ந்துவிட்டவர்களுக்கு அத்தீர்ப்பால் பயன் என்ன? அவர்களே இன்று அறுபதைக் கடந்து நிற்கிறார்கள். அவர்கள் இழந்த கல்விக்கு, அவர்களுடைய மகளும் மருமகளும் தங்கள் கூலியால் வட்டி கட்டுவது நியாயமா?

பெற்றோரைப் பேணுவது மக்கள் கடமையன்றோ என்று சிலர் கேட்பர். 2007ஆம் வருஷத்துச் சட்டமும் அதையே விதித்தது. அப்பெண் கடமையை மறுக்கவில்லை. செய்ய வகையற்று நிற்கிறாள். செல்வர் சம்பளத்துக்கு ஆள் வைப்பர். நிபுணரை நாடி மதுரைக்கும் சென்னைக்கும் செல்வர். கிண்டியில் 2024இல் முதியோருக்கென்று தேசிய வைத்திய நிலையம் திறந்தது நன்றே. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அந்நிலையம் நாட்கூலிக்காரிக்கு எவ்விதம் உதவும்?

முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் அவர்களுடைய குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் கட்டளையிட்டது. தொழிலாளியின் குழந்தையைக் காப்பதில் ஆலைக்கும் பங்குண்டு என்று அன்றே ஒப்பிய நாடு, அவளுடைய தாயின் பாரத்தை அவள் தலையில் மட்டும் சுமத்துவானேன்?

ஆகவே, முதலாளிகளும் சர்க்காரும் செலவைப் பகிர்ந்து, ஆலை வேலை நடக்கும் நேரமெல்லாம் திறந்திருக்கும் முதியோர் பகல் காப்பகங்களை இவ்வட்டாரத்தில் நிறுவ வேண்டும். 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் வைத்தியக் கல்லூரியின் நிபுணர்கள் குறித்த நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வந்து நோயாளரைப் பார்க்க வேண்டும். தொழிற்சங்கத்தார் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும். தானமென்று யாரிடமும் நாம் இதைக் கேட்கவில்லை. தேசமெங்கும் தீபாவளிக்கு ஒளி தந்த கைகளுக்கு நாம் பட்ட கடன் இது. அக்கைகளுக்குரியவர்கள் மறந்துவிட்டார்கள் என்பதற்காக நாமும் மறந்துவிடலாகாது.