உபரி நீரன்று, வெள்ளம்!

மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியைத் தொடும் நாள் உழவர்க்கு விழா நாள். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் காவிரிக் கரையோரம் குடியிருப்பார்க்கோ அது மூட்டை கட்டும் நாள். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் இதனைக் கண்டோம். முன்னிரண்டு ஆண்டுகளிலும் நொடிக்கு ஏறத்தாழ 2 இலக்கம் கன அடி நீர் அணையினின்று இறங்கிற்று. நொடிக்கு 56 இலக்கம் இலிட்டருக்கும் மேற்பட்ட நீர்!

அந்நாள்களில் தெருவில் வரும் ஒலிபெருக்கி என்ன சொல்கிறது? 'உபரி நீர்' என்கிறது. உபரி என்றால் மிச்சம். மிச்சத்துக்கு அஞ்சுவார் யார்? அணையைக் காப்பவர்க்கு மிகையாகத் தோன்றும் அந்நீரே கரையிலிருப்பவனுக்கு வெள்ளம். தொலைக்காட்சியோ 'ரெட் அலர்ட்' என்று முழங்குகிறது. ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யக்கூடும், உடனே செயற்படுக என்பது அதன் பொருள். நூற்பொதி சுமக்கும் பாட்டிக்கு இதனை எவர் விளக்கினார்? மக்களே வைத்த பெயரைப் பாருங்கள்: 'பதினாறு கண் மதகு திறந்துவிட்டார்கள்' என்றால் கரையூர்ப் பிள்ளைக்கும் விளங்குகிறது. இதனை வெறும் சொற்சண்டை என்று நகைப்பார் நகைக்கட்டும். விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று.

கன அடிக் கணக்கும் போதாது. குமாரபாளையத்தின் எதிர்க்கரையில் பவானியாறு வந்து கலக்கிறது. பவானிசாகரிலும் நீர் திறந்திருந்தால் மேட்டூர்க் கணக்கை மட்டும் நம்பியவன் ஏமாறுவான். எந்தத் தெருவில், எந்தப் படிவரை நீர் ஏறும் என்பதே வேண்டும் செய்தி. முன்னை வெள்ளம் நின்ற உயரத்தை ஆண்டோடு சுவரில் எழுதிவைக்க நகராட்சிக்கு ஒரு வாளிச் சாயம் போதும்.

அரசு செய்யுமட்டும் நாம் கைகட்டி இருத்தல் ஆகாது. வருமுன் காக்கும் திறத்தை வள்ளுவர் அறிவுடைமையுள் வைத்தார். ஆடி பிறக்குமுன்னே பட்டா, குடும்ப அட்டை, பள்ளிச் சான்றுகள் யாவும் நீர்புகா நெகிழிப் பைக்குள் கட்டப்பட்டிருத்தல் வேண்டும். முதியோர்க்குரிய சருக்கரை, குருதியழுத்த மருந்துகள் ஒரு கிழமைக்கு எடுத்துவைக்கப்படுக. கைவிளக்கு, கயிறு, மூடிய குடத்தில் குடிநீர். மின்னிணைப்பைத் துண்டிக்கும் இடம் வீட்டுத் தலைவனுக்கு மட்டும் தெரிந்து பயனில்லை. அவன் இரவுத் தறிக்குப் போயிருப்பான். மனைவியும் மக்களும் அறிந்திருத்தல் வேண்டும்.

தறி வைத்திருப்போர்க்குத் தனியே ஒன்று. தறியைத் தூக்க முடியாது. மின்னோடியைக் கழற்றலாம், பாவு உருளையையும் நூலையும் மேலேற்றலாம். ஒருமுறை கழற்றிப் பார்த்தவனுக்கு அரை மணி, பாராதவனுக்கு அவ்விரவு முழுதும் ஆகும். நீர் வடிந்த பின் நனைந்த மின்னோடியை உடனே இயக்கிப் பார்க்கும் விரைவு உயிரைக் குடிக்கும். கால்நடைகளை மேட்டுக்கு ஓட்ட இயலாதபோது கயிற்றையேனும் அவிழ்த்துவிடுக.

மாவட்டக் கட்டுப்பாட்டறையின் எண் 1077. அன்பர்கள் தத்தம் தெருவில் அதனைக் கதவுதோறும் எழுதுக. எழுதும்போதே பக்கத்தில் 'வெள்ளம் வரும்போது அழைக்க' என்று நல்ல தமிழிலும் எழுதுக.