கணக்கு யாருக்கு? – மனித உரிமை அமைப்புகளும் வெளிநாட்டு நிதியும்

மனித உரிமைகளுக்காக உழைக்கும் அமைப்புகள் வெளிநாட்டு நிதியைப் பெறலாமா என்னும் வினா இலங்கையில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. அத்தகைய நிதியைப் பெறுவோர் அனைவரும் அந்நியரின் கையாட்களே என்பது ஒரு சாராரின் கூற்று. நிதி பெருகினால் சனநாயகமும் பெருகும் என்பது மற்றொரு சாராரின் நம்பிக்கை. ஒன்றுக்கொன்று பகையானவைபோலத் தோன்றும் இவ்விரு நிலைப்பாடுகளும், மக்களை வெறும் பார்வையாளராகக் கொள்வதில் ஒன்றுபடுகின்றன.

முதலாவது கூற்றை உரத்து முழங்கி வருவோர் பெரும்பாலும் ஆட்சியாளரே. ஆயின், அரசு வெளிநாட்டுப் பணத்தைத் தீண்டாத ஒன்றன்று. 2022 ஏப்பிரிலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதெனக் கைவிரித்த இலங்கைக்கு, 2023 மார்ச்சில் சருவதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. வரிவிதிப்பும் மின்கட்டணமும் அதன் நிபந்தனைகளுக்கு அமைய மாற்றப்பட்டன. நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தையே அந்நியரின் மேற்பார்வைக்கு உட்படுத்துவது இராசதந்திரம். காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் ஒரு சட்டத்தரணியை அமர்த்துவதற்கு வெளியிலிருந்து வரும் உதவி மட்டும் தேசத்துரோகம் எனின், இந்நியாயத்தின் உள்நோக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

சட்டங்களின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சருவதேச உடன்படிக்கையை இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்டது. சங்கம் அமைக்கும் உரிமையை அதன் 22ஆம் உறுப்புரை பாதுகாக்கிறது. அதே ஆண்டிலேதான் தொண்டர் அமைப்புகளைப் பதிவுசெய்து மேற்பார்வை செய்வதற்கான 31ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. மனித உரிமைகளைப் பேணுதற்கு வேண்டிய வளங்களைக் கோரவும் பெறவும் பயன்படுத்தவும் யாவருக்கும் உரிமையுண்டென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1998இல் பிரகடனம் செய்தது. அவ்வாண்டிலேயே இலங்கையில், மோசடிக் குற்றச்சாட்டு எழுந்த அமைப்பின் நிருவாகத்தை இடைக்காலச் சபையொன்றிடம் ஒப்படைக்க வழிசெய்யும் திருத்தச் சட்டம் வந்தது. 2010இல் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. 2014 யூலையில், பத்திரிகையாளர் மாநாடுகளையும் செய்தியாளருக்கான பயிற்சிப் பட்டறைகளையும் பத்திரிகை அறிக்கைகளையும் நிறுத்துமாறு அச்செயலகம் இவ்வமைப்புகளைப் பணித்தது. கணக்கைச் சரிபார்ப்பதே நோக்கமாயின், வாயை மூடச் சொல்வானேன்?

இந்நோய் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் வெளிநாட்டு உதவு தொகை ஒழுங்குபடுத்தற் சட்டம் 1976இல், அவசரகால நிலையின்போதே பிறந்தது. எதியோப்பியா 2009இல் இயற்றிய சட்டம், வருமானத்தில் 10 வீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் அமைப்புகள் மனித உரிமைப் பணியில் ஈடுபடுவதைத் தடுத்தது. 2019இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. உருசியா 2012இல் ‘அந்நிய முகவர்’ என்னும் முத்திரையைச் சட்டமாக்கியது.

இவ்வளவு கூறியதனால் இரண்டாவது சாரார் குற்றமற்றோர் ஆகிவிடார். வல்லரசுகளின் கொடைக்கு அரசியல் இல்லையென்பது பேதைமை. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மாணவர் சங்கத்துக்கு அந்நாட்டு மத்திய உளவு நிறுவனம் இரகசியமாகப் பணம் வழங்கிவந்தமை 1967இல் அம்பலமாயிற்று. 1983இல் சனநாயகத்துக்கான தேசிய நிதியம் அங்கே நிறுவப்பட்டபின், அத்தகைய உதவி வெளிப்படையாக வழங்கப்படலாயிற்று. வெளிப்படைத்தன்மை வரவேற்கத்தக்கதே; எனினும், கொடுப்பவனின் நலன் அதனால் மறைந்துவிடவில்லை. 2025 சனவரி 20ஆந் திகதி பதவியேற்ற அமெரிக்க சனாதிபதி அன்றே வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தினார். மார்ச்சுக்குள் அமெரிக்க சருவதேச அபிவிருத்தி முகவரகத்தின் திட்டங்களுள் 83 வீதமானவை கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒருவரது கையொப்பத்தினால் அற்றுப்போகக்கூடிய சனநாயகத்தை மக்களின் சனநாயகம் என எவ்வாறு கூறுவது?

இதனிலும் ஆழமான கேடொன்றுண்டு. கொடையாளரின் கால அட்டவணைக்குள் உரிமைப் போராட்டம் ஒரு ‘திட்டம்’ ஆகிறது. தமிழிலும் சிங்களத்திலும் அழுதவர்களின் துயரம் ஆங்கில அறிக்கையாகித் தலைநகரங்களுக்குச் செல்கிறது. சொன்னவரிடம் அது திரும்பி வருவதில்லை. கருத்தரங்குகளின் எண்ணிக்கை சாதனையாகக் காட்டப்படுகிறது. இரண்டாண்டில் நிதி முடிந்ததும் அலுவலகம் பூட்டப்படுகிறது, அநீதி பூட்டப்படுவதில்லை.

இந்நாட்டில் வேர்கொண்ட உரிமை இயக்கங்கள் எவ்வாறு தோன்றின என்பது மனங்கொள்ளத்தக்கது. 1971 கிளர்ச்சி நசுக்கப்பட்ட சூழலிற் குடியியல் உரிமைகள் இயக்கம் எழுந்தது. 1984இல் இளைஞர்கள் கைதுசெய்யப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டனர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே உருவாகியது. அதன் தாபகருள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செத்தெம்பரில் உயிரையே விலையாகக் கொடுத்தார். 2017 பெப்புருவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரை அமர்த்தியது பிள்ளைகளின் இன்மையே. இவற்றுள் எதுவும் கொடையாளரின் விண்ணப்பப் படிவத்திலே பிறந்ததன்று.

அவ்வாறாயின் வெளிநாட்டு நிதியை முற்றாக மறுக்கவேண்டுமா என வினவலாம். ஆட்கொணர்வு மனுவுக்கும் பணம் வேண்டும். சாட்சியின் பயணத்துக்கும் பாதுகாப்புக்கும் பணம் வேண்டும். கூலியுழைப்பில் வாழும் குடும்பங்கள் அச்சுமை முழுவதையும் தாங்கவேண்டும் என்பது இரக்கமற்ற தூய்மைவாதமாகும். ஆகவே பணத்தின் பிறப்பிடத்தைவிட, கணக்கு யாரிடம் ஒப்புவிக்கப்படுகிறது என்பதே முதன்மையான வினா.

வீடுதோறும் பிடியரிசி சேர்த்துப் பாடசாலைகளை வளர்த்த சமூகம் இது. மூளாயிலே கூட்டுறவு வைத்தியசாலை கண்ட சமூகம் இது. மலையகத் தொழிலாளர் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து தொழிற்சங்கச் சந்தா செலுத்தி வந்துள்ளனர். சந்தா கட்டுவதனால் மட்டும் தலைமை நேர்மையாகிவிடாது என்பதையும் அதே தொழிலாளர் அறிவர். ஆயினும், பத்து ரூபா கொடுத்தவன் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் உரிமையைப் பெறுகிறான். பயனாளியாகப் பதியப்பட்டவனுக்கு அவ்வுரிமை இல்லை.

எனவே, உரிமை அமைப்புகள் உறுப்பினரைக் கொண்டவையாதல் வேண்டும். பெற்ற ஒவ்வொரு சதத்தின் கணக்கும் அவ்வூர் மக்களின் மொழியில், அவ்வூர் வாசிகசாலையிலே, அவர்கள் முன்னிலையில் வாசிக்கப்படல் வேண்டும். கொடையாளர் திட்டத்தைத் திணிக்காது, மக்கள் வகுத்த பணிக்கு நீண்டகால உதவி வழங்கல் வேண்டும். அரசு பதிவேட்டை வைத்திருக்கலாம். பூட்டையும் திறப்பையும் வைத்திருத்தலாகாது. மக்களிடம் கணக்குக் காட்டும் அமைப்பை எந்த அமைச்சினாலும் அந்நியனென்று எளிதிற் பழிக்க முடியாது. எந்தத் தலைநகரத்துக் கையொப்பமும் அதனை ஒரே நாளில் அழித்துவிடாது.