கவுன்சிலர் கையில் லத்தி இல்லை

மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். 2023 ஜூலையிலிருந்து தமிழக அரசு கொடுக்கிறது. இந்தப் பணத்துக்கு அவர் என்ன வேலை பார்க்க வேண்டும் என்று எங்கள் தெரு டீக்கடையில் கேட்டால் குப்பை, சாக்கடை, குடிதண்ணீர் என்று அடுக்குவார்கள். பாதுகாப்பு என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அது போலீஸ் வேலையாம்.

நான் அப்படி நினைக்கவில்லை. தாம்பரத்தைச் சுற்றியிருந்த நகராட்சிகளில் ஒன்றில் தெருவிளக்கு வயர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மூலையில் சங்கிலி அறுக்கிறான், எந்தத் திருப்பத்தில் பைக் சறுக்குகிறது, எந்த வழியைப் பெண்கள் இருட்டினால் தவிர்க்கிறார்கள் என்பதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் புகார் நோட்டுக்கு வந்துவிடும். ‘லைட் எரியல’ என்ற இரண்டு வார்த்தையில் வரும்.

2006 தேர்தலில் ஜெயித்து வந்த ஒரு கவுன்சிலர் அம்மா அதைச் சரியாகப் படித்தார். பெயர் வேண்டாம், அவருக்கு விளம்பரம் பிடிக்காது. சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலக் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து பெண்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் வார்டைச் சுற்றக் கிளம்புவார். கையில் ஒரு நோட்டு, ஒரு டார்ச். “அண்ணே, இந்தக் கம்பத்துல நம்பர் அழிஞ்சு போச்சு. நம்பர் இல்லாம எந்த லைட்டுன்னு எப்படிப் புகார் சொல்லுவாங்க? முதல்ல பெயின்ட் அடிங்க” என்பார். ஆபீசுக்கு அவர் வீட்டுக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து நாட்டாமை செய்து நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் அது அபூர்வம். இந்தக் காலத்திலும்தான்.

ஒரு தெருவில் எல்லா விளக்கும் எரிகிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். அந்த அம்மா நோட்டில் நாலு விளக்கு எரியவில்லை. போய்ப் பார்த்தால், விளக்கு எரிகிறது, புங்கமரக் கிளை மறைத்து வெளிச்சம் மேலேயே நின்றுவிட்டது. கீழே நடக்கிற பெண்ணுக்கு அது எரியாத விளக்குதானே! கிளையை வெட்ட லைனை நிறுத்த வேண்டும். கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு நகராட்சியுடையது; ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிப் போனால் நெடுஞ்சாலைக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். எங்களுக்கு அத்தனை பேரையும் கேட்கிற அதிகாரம் கிடையாது. அவருக்கும் சட்டப்படி பெரிதாகக் கிடையாது. ஆனால் ஓட்டு வாங்கி வந்தவர் போனை எடுத்து, “நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?” என்று கேட்டால் ஆள் வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரியதாக 18 வேலைகள் உள்ளன. தெருவிளக்கு இருக்கிறது, தீயணைப்புகூட இருக்கிறது. தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறை இன்றும் மாநில அரசிடம்தான். போலீஸ் அந்த அட்டவணையிலேயே இல்லை. கவுன்சிலர் கையில் லத்தியும் இல்லை, தண்ணீர் வண்டியும் இல்லை.

ஆனால் நம் பக்கத்தில் சமீப ஆண்டுகளில் உயிரைப் பறித்தவை எவை என்று எண்ணிப் பாருங்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மீது பேனர் சரிந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்தாள். ஒரு முன்னாள் கவுன்சிலர் வீட்டுக் கல்யாணத்துக்காக வைத்த பேனர் அது. 2015இல் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் புகுந்து, தெருவில் படகு போனது. 2024 டிசம்பரில் பல்லாவரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், உயிரும் போனது. குழாயில் சாக்கடை கலந்தது என்றார்கள் தெருவாசிகள். தண்ணீர் காரணமல்ல என்றது அரசுத் தரப்பு. பேனர், வாய்க்கால், குழாய் எல்லாமே வார்டு வேலை. (2023 மிக்ஜாம் புயல் மழையில் பெருங்களத்தூர் நெடுங்குன்றம் சாலையைக் கடந்த முதலையை மட்டும் வனத்துறைக்கு விட்டுவிடலாம்.)

இந்த வேலையைச் சரியாகச் செய்கிறவருக்கு ஆபத்தும் உண்டு. மதுரை வில்லாபுரத்தில் மார்க்சிஸ்ட் கவுன்சிலர் லீலாவதி ஜனங்களுக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று நின்றார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். தண்ணீர் விற்றுப் பிழைத்தவர்களுக்கு அந்தக் கோரிக்கை இடைஞ்சலாக இருந்தது.

இப்போதெல்லாம் பாதுகாப்பு என்றால் கேமரா. 2017க்குப் பிறகு சென்னை போலீஸ் ‘மூன்றாவது கண்’ என்ற திட்டத்தை முன்னின்று நடத்தியது. தெருவுக்குத் தெரு கம்பம் முளைத்தது. திருடனைப் பிடிக்க உதவும், மறுக்கவில்லை. ஆனால் திறப்பு விழாவுக்கு வருகிற கவுன்சிலர், ஒரு மழைக்காலம் கழித்து அதில் படம் வருகிறதா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. இருட்டில் கேமரா எதைப் பார்க்கும்?

கேட்கவே ஆள் இல்லாத காலமும் இருந்தது. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை நகரங்களில் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர் ராஜ்யம். கொரோனா அப்போதுதான் வந்தது. அதற்கிடையே 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். மொத்தம் 70 வார்டு. பழைய தாம்பரம், பல்லாவரம் நகராட்சிகளின் கவுன்சிலர்களை மட்டும் கூட்டினாலே இதைத் தாண்டும். 25 வயது வசந்தகுமாரி மேயரானது நல்ல செய்தி. ஆனால் ஒரு கவுன்சிலர் நடந்து சுற்ற வேண்டிய தெருக்கள் பல மடங்கு ஆகிவிட்டன.

2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனரும் உண்டு. அந்த எல்லையும் மாநகராட்சி எல்லையும் ஒன்றல்ல. பள்ளிக்கரணைக்கும் செம்மஞ்சேரிக்கும் போலீஸ் தாம்பரம், மாநகராட்சி சென்னை. முடிச்சூரோ, தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஊராட்சியாகவே நின்றது. இரண்டு பக்கமும் பேசி முடிக்க ஒரு மேசை வேண்டும்.

அந்த மேசையைப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. வார்டு கமிட்டி, பகுதி சபை என்று விதி இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக்கு முதலமைச்சர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் கூட்டம் நடப்பது பலருக்கு முடிந்த பிறகுதான் தெரிகிறது. ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரும் மின்வாரிய உதவிப் பொறியாளரும் அதில் கட்டாயம் உட்கார வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்க்கட்டும். கம்ப எண்ணோடு இருட்டுத் தெருக்கள், மூடி இல்லாத வடிகால்கள், ஓட்டை விழுந்த குழாய்கள் என்று ஒரு பட்டியலைக் கவுன்சிலர் படிக்கட்டும். போன கூட்டத்தில் படித்ததில் எது முடிந்தது என்பதையும் சேர்த்து. வராத அதிகாரியின் நாற்காலியை மட்டும் எடுக்க வேண்டாம், பெயர்ப் பலகையோடு அங்கேயே இருக்கட்டும்.