ராத்திரி கரண்ட் மலிவு என்று யார் சொன்னது?

தமிழ்நாட்டில் வீட்டுக்கு மின்சாரத் திட்டம் என்று தேர்ந்தெடுக்க ஒன்றும் கிடையாது. விற்பவர் ஒருவர், விலைப்பட்டியலும் ஒன்று. மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து, வீடு வீடாக மீட்டர் பார்த்து வெள்ளை அட்டையில் ரீடிங் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். அதனால் இதை அடித்துச் சொல்கிறேன்.

சொல்லவேண்டிய அவசியம் எப்படி வந்தது என்றால், என் மகன் மின்சாரக் கார் வாங்கி, புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் வல்லத்திராக்கோட்டை வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறான். சின்ன வண்டிதான், 24 யூனிட் பேட்டரி. அன்றிலிருந்து தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “ராத்திரியில போட்டா கரண்ட் மலிவாமே, ஐயா?” இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன் மகனும் போனில் கேட்கிறான்: “சித்தப்பா, இன்னும் நைட் பிளானுக்கு மாறலையா?”

அவன் ஊருக்கு அது சரி. அங்கே 1978-லேயே ‘எகானமி 7’ என்று ராத்திரி ஏழு மணி நேரத்துக்குக் குறைந்த விலை வைத்துவிட்டார்கள். ஊர் தூங்கினாலும் அணுமின் நிலையத்தையும் பெரிய நிலக்கரி நிலையத்தையும் நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது ஏற்ற முடியாது. ஓடுகிற மின்சாரத்தை யாராவது வாங்கியாக வேண்டும். இப்போது மின்காருக்கென்றே கம்பெனிகள் போட்டி போட்டு நள்ளிரவு விலை கொடுக்கின்றன. நமக்கு அந்தப் பேச்சே இல்லை. மாலை 7 மணிக்குப் போட்டாலும் விடியற்காலை 2 மணிக்குப் போட்டாலும் நம் மீட்டருக்கு யூனிட் யூனிட்தான். நேரத்துக்கு ஒரு விலை என்பது உயரழுத்த இணைப்பு வாங்கும் ஆலைகளுக்கு உண்டு: காலையும் மாலையும் உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், ராத்திரியில் 5 சதவீதம் தள்ளுபடி. வீட்டுக்கு இல்லை.

வீட்டு பில்லைத் தீர்மானிப்பது கடிகாரம் அல்ல, 500 என்ற எண். நான் இங்கே போடும் கணக்கெல்லாம் 2024 ஜூலையில் வந்த விலையில். 2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. அந்தப் பட்டியலில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016-ல் தொடங்கிய சலுகை அது. அடுத்த நூறில் யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. அதற்கு மேல் 400 வரை 4.70, 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் எரித்த வீட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 என்றால் எவ்வளவு தெரியுமா? 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. 500-ஐத் தாண்டியதும் அந்த 2.35 சலுகை பறிபோய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 கணக்காகிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு 8.40, 600-க்கு மேல் 9.45, 800-க்கு மேல் 10.50, ஆயிரத்தைக் கடந்தால் 11.55.

இந்த எல்லைக்கோட்டை மக்கள் அறிந்த அளவுக்கு அதிகாரிகள் அறிந்திருப்பார்களா என்பது சந்தேகம். ரீடிங் எடுக்கப் போகும்போது, “சார், ரெண்டு நாள் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?” என்று மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று கேட்பார்கள். கடைசி வாரத்தில் ஃபிரிட்ஜை அணைத்துவைத்து 498-ல் நிறுத்திய வீட்டை எனக்குத் தெரியும். அந்த அம்மாள் மீட்டரை என்னைவிட நன்றாகப் படிப்பார்.

இப்போது காரைச் சேர்ப்போம். எங்கள் வீட்டுச் செலவு இரண்டு மாதத்துக்குச் சுமார் 380 யூனிட். பில் 1,081 ரூபாய். வண்டி புதுக்கோட்டை, ஆலங்குடி என்று நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறது. சார்ஜரில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 340 யூனிட் ஆகிறது. மொத்தம் 720, பில் 4,014 ரூபாய். ஆகக் காருக்கு மட்டும் 2,933 ரூபாய், யூனிட்டுக்கு 8 ரூபாய் 63 காசு விழுகிறது. நெடுஞ்சாலையில் தனியார் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் பெரும்பாலும் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்பார்கள். இதே தூரத்துக்கு பெட்ரோல் காரென்றால் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோல் 150 லிட்டர் வேண்டும். எனவே வீட்டில் சார்ஜ் போடுவது கொள்ளை லாபம்தான், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. கார் வைத்திருக்கும் வீட்டுக்காக நான் அழவில்லை.

எனக்கு உறுத்துவது ஸ்கூட்டர். 450 யூனிட் எரிக்கும் வீடு, பில் 1,490. மகள் வேலைக்குப் போக மின்சார ஸ்கூட்டர் ஒன்று வருகிறது, இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். மொத்தம் 510, பில் 2,124 ரூபாய். 60 யூனிட்டுக்கு 634 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு 10 ரூபாய் 57 காசு. கார் வைத்திருக்கும் எங்கள் வீட்டைவிட ஸ்கூட்டர் வைத்திருக்கும் வீடு யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு ரூபாய் அதிகம் கொடுக்கிறது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் அவர்களுக்கும் மிச்சம்தான். ஆனால் சின்ன வண்டிக்குப் பெரிய விலை வைக்கும் பட்டியலை எந்தக் கணக்கில் நியாயம் என்பது?

இதைக் கேட்டதும் எங்கள் பக்கத்தில் உடனே ஒரு யோசனை வரும். “வயல்ல மோட்டார் கொட்டகை இருக்கு, அங்க ஃப்ரீ கரண்ட். வண்டியை அங்க விட்டா என்ன?” விடாதீர்கள். விவசாய இணைப்பு பாசனத்துக்குக் கொடுத்தது. வேறு வேலைக்கு இழுத்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் அபராதக் கணக்கு போடுவார்கள். அதில் ஒரு வருஷ மிச்சம் ஓடிவிடும். அதோடு, இலவச மின்சாரத்தை எப்போது பிடுங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்ததாகவும் ஆகும்.

சார்ஜர் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள் என்பேன். எங்கள் மண் செம்புறாங்கல். சித்திரையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். கார் சார்ஜர் பழைய கிரைண்டர் மாதிரி பொறுத்துப்போகாது, எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். கம்பெனிக்குப் போன் போட்டுப் பயனில்லை. குழியைத் தோண்டி உப்பும் கரியும் புதிதாகப் போட்டு, வெயில் காலம் முழுக்க வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். விளக்கு பச்சையாகவே இருக்கிறது. பவர் பிளக்குக்கு மீட்டர் போர்டிலிருந்தே தனி வயர் இழுங்கள். ஏசிக்குப் போட்ட லைனில் சேர்க்காதீர்கள். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் மின்விசிறியும் டிவியும் ஓடும்போது தெரு டிரான்ஸ்பார்மர் முனகும். அந்த நேரத்தில் மூணே கால் கிலோவாட்டைக் கூடுதலாகத் தலையில் ஏற்றுவது அக்கம்பக்கத்துக்கு நாம் செய்யும் கெடுதல். பத்து மணிக்கு மேல் போடுங்கள். பணம் மிஞ்சாது, வோல்டேஜ் நிற்கும். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது இந்தப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை மறக்காதவர்கள், வீட்டில் பெட்ரோல் வண்டி ஒன்றையும் வைத்திருக்கட்டும்.

சரி, அரசு என்ன செய்யலாம்? ராத்திரி விலை கேட்பது இங்கிலாந்தைப் பார்த்துக் கேட்பது. நம் ஊரில் மிச்சமாக இருப்பது வெயில். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லேயே வந்துவிட்டது, அதன் பிறகு தென்மாவட்டம் எங்கும் சூரியப் பலகைகள். பகலில் கொட்டுகிற அந்த மின்சாரம் மாலையில் காணாமல் போகிறது, அப்போது சந்தையில் யூனிட் பத்து ரூபாய் உச்சவரம்பு வரை கொடுத்து வாங்க நேர்கிறது. மத்திய அரசின் 2023 ஜூன் விதி என்ன சொல்கிறது? சூரிய ஒளி நேரத்தில் விலை குறைந்தது 20 சதவீதம் குறைய வேண்டும். விவசாயம் தவிர்த்த எல்லாருக்கும் 2025 ஏப்ரல் முதல். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால்தான் இது நடக்கும் என்பதால் நம் வீட்டு மீட்டருக்கு வரவில்லை. பக்கத்துக் கேரளத்தில் 2025 ஜனவரியிலிருந்து, மாதம் 250 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீடுகளுக்குப் பகலில் 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல்.

“பகல்ல வண்டி வெளியில இருக்குமே?” என்பார்கள். இருக்கட்டும். சனி ஞாயிறு பகலில் போட்டாலே எங்கள் வாரத் தேவையில் பாதி தீரும். பள்ளிக்கூட, அலுவலக நிறுத்தத்தில் ஆளுக்கொரு பிளக் கொடுத்தால் மீதியும் தீரும்.

மாடியில் கான்கிரீட் தளம் உள்ளவர்கள் காத்திருக்க வேண்டாம். 3 கிலோவாட் சூரியப் பலகைக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம் உண்டு. அது போகக் கைக்காசு ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் பக்கம் வரும், எங்கள் வீடும் காரும் எரிப்பது கிட்டத்தட்ட அதேதான். ஓட்டு வீட்டுக்காரருக்கும் வாடகை வீட்டுக்காரருக்கும் இந்த வழி இல்லை. அந்த ஸ்கூட்டர் வீடுகளில் பெரும்பாலானவை அவர்களுடையவை.

அவர்களுக்காக மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் நான் கேட்பது இரண்டு. வண்டி சார்ஜுக்கு விரும்பிய வீட்டுக்குத் தனி மீட்டர் கொடுங்கள். அதில் பகல் விலை ஒன்றும் மாலை விலை ஒன்றும் வையுங்கள். அந்த யூனிட்டை வீட்டின் 500-ல் சேர்க்காதீர்கள். அதுவரை, 500-ஐத் தாண்டினால் பழைய நூறு யூனிட்டின் சலுகையைத் திரும்பப் பிடுங்கும் முறையை நிறுத்துங்கள். 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வுக்குக் கருத்துக் கேட்டபோது கூட்டம் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் நடந்தது. ஆலைக்காரர்கள் கையில் கணக்கோடு வந்து பேசினார்கள். அடுத்த முறை மனு வரும்போது ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் தங்கள் வெள்ளை அட்டையின் நகலை இணைத்து ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும்.