சித்தாவாவது கிடைக்குமா?

நீட் தேர்வு முடிவு வெளியானதும் குமரி மாவட்டத்து வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். முதலாவது, 'ஆசாரிப்பள்ளம் கிடைக்குமா?' பெரும்பாலானோருக்கு அதற்கான விடை சில நாள்களிலேயே தெரிந்துவிடும். அதன்பின் எழுவது இரண்டாவது கேள்வி: 'சித்தாவாவது கிடைக்குமா?' அந்த 'ஆவது' என்னும் இடைச்சொல்லில் ஒரு மருத்துவ மரபின் இன்றைய சமூக மதிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது வேறு கதை. இக்கட்டுரையின் அக்கறை, அக்கேள்விக்கு நம் குடும்பங்கள் விடை தேடும் முறையைப் பற்றியது.

வர்ம ஆசான்கள் எலும்பு முறிவையும் நரம்புப் பிசகையும் கையாலே தொட்டுக் குணப்படுத்திய மண் இது. தமிழகத்தின் ஒரே அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி 2009 முதல் நாகர்கோவில் கோட்டாற்றில் இயங்குகிறது. முன்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் குலசேகரத்தில் ஹோமியோபதி மருத்துவக் கல்லூரியும் உண்டு. 1964-இல் தொடங்கப்பட்ட பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. ஆகவே இங்குள்ள மாணவருக்கு இந்திய மருத்துவப் படிப்பு என்பது கண்ணெதிரே உள்ள வாய்ப்பு. ஆயினும் அந்த வாய்ப்பின் அளவை அறிய, பக்கத்து வீட்டுப் பையன் சென்ற ஆண்டு எத்தனை மதிப்பெண்ணுக்கு இடம் பெற்றான் என்று கேட்பதே வழக்கமாக இருக்கிறது.

இந்த வழக்கம் எவ்வளவு பெரிய பிழைக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு அண்மை ஆண்டுகளே சான்று. 2024 நீட் தேர்வில் 720-க்கு 720 பெற்றவர்கள், திருத்தப்பட்ட முடிவின்படியே 17 பேர். 2025-இல் நாட்டின் முதலிடமே 686 மதிப்பெண்தான். 2024-இல் 600 மதிப்பெண் பெற்ற மாணவர் அகில இந்திய அளவில் ஏறத்தாழ 80,000-ஆவது இடத்தில் நின்றார். 2025-இல் 600-க்கு மேல் பெற்றவர்கள் நாடு முழுவதும் 1,300 பேர் அளவிலேயே இருந்தனர். மதிப்பெண் ஒன்றே, அதன் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு வேறு. பணவீக்கத்தைக் கணக்கில் கொள்ளாமல் இருபது ஆண்டுக்கு முந்தைய சம்பளத்தையும் இன்றைய சம்பளத்தையும் ஒப்பிடுவதை எந்தப் பொருளியல் மாணவரும் ஏற்கமாட்டார். கட்-ஆஃப் மதிப்பெண் விஷயத்தில் மட்டும் அதைத்தான் நாம் செய்துவருகிறோம்.

'தகுதி பெற்றுவிட்டேன்' என்ற சொல்லும் இதேபோல் மயக்கம் தருவது. பொதுப்பிரிவினருக்கு 50-ஆவது சதமானம், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 40-ஆவது சதமானம் என்பது தகுதி வரம்பு. 2025-இல் அவை முறையே 144, 113 மதிப்பெண்கள். தேர்வெழுதிய ஏறத்தாழ 22 லட்சம் பேரில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வரம்பைத் தாண்டினர். வரிசையில் நிற்பதற்கான அனுமதிச் சீட்டு இது, அவ்வளவே. அரசுக் கல்லூரி இடத்துக்கும் இந்த வரம்புக்கும் நடைமுறையில் தொடர்பே இல்லை. சுயநிதிக் கல்லூரிகளில், அதுவும் இறுதிச் சுற்றுகளில், இடம் மீந்து கிடக்கும்போதுதான் இவ்வரம்பு பொருள் பெறுகிறது. ஆயுஷ் இடங்கள் நிரம்பாத சில ஆண்டுகளில் வரம்பே குறைக்கப்பட்டதும் உண்டு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மாநிலத் தரவரிசையை. சென்னை அரும்பாக்கத்தில் இயங்கும் இந்திய மருத்துவம், ஹோமியோபதித் துறையின் தேர்வுக்குழு வெளியிடும் பட்டியலில் தாம் எத்தனையாவது இடம், தம் வகுப்புப் பிரிவில் எத்தனையாவது இடம் என்ற இரு எண்களே அடிப்படை. தமிழகத்தின் ஐந்து அரசுக் கல்லூரிகளில் சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி ஆகிய நான்குக்கும் சேர்த்து 330 இடங்கள். இவற்றில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். எஞ்சுபவை ஏறத்தாழ 280.

பாளையங்கோட்டைக் கல்லூரியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். மொத்தம் 100 இடங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போக 85. அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு 6 இடங்கள், மீதி 79. இதில் பொதுப்போட்டிக்கு 31 விழுக்காடு, அதாவது 24 இடங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 21, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 16, பட்டியலினத்தவருக்கு 12, அருந்ததியருக்கு 2, பழங்குடியினருக்கு 1. சுழற்சி முறையில் ஓரிடம் முன்பின் ஆகலாம். குமரி மாவட்டத்தில் பெரும்பாலான குடும்பங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருபவை. 'நமக்கு 21 இடம்தானே' என்று அவர்கள் சோர்வது தேவையற்றது. பொதுப்போட்டி இடங்கள் எல்லோருக்கும் உரியவை. உயர்ந்த தரவரிசையுள்ள பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் முதலில் அந்த 24-இல் இடம் பிடிப்பர்; அதன்பின்னரே 21 நிரப்பப்படும். அவர்கள் போட்டியிடுவது 45 இடங்களுக்கு.

இதைக் காட்டிலும் முக்கியமான இன்னொன்று உண்டு. தரவரிசை 900 என்று கண்டதும், 'இருப்பதோ 280 இடம், நமக்கு எங்கே' என்று விண்ணப்பத்தையே மறந்துவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். முன்னால் நிற்கும் 899 பேரும் சித்தா படிக்கப் போவதில்லை. பலர் எம்.பி.பி.எஸ். அல்லது பல் மருத்துவக் கலந்தாய்விலும் பெயர் கொடுத்தவர்கள். அங்கே இடம் கிடைத்ததும் வரிசையை விட்டு விலகிவிடுவர். வேறு சிலர் சொந்த ஊருக்கு அருகிலுள்ள சுயநிதிக் கல்லூரியைத் தேர்வர். சிலர் மறுதேர்வுக்குப் போய்விடுவர். எத்தனை பேர் விலகுவர் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. சென்ற இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் தம் வகுப்புப் பிரிவின் கடைசி இடம் எந்தத் தரவரிசையில் முடிந்தது என்ற எண்ணிலேயே அது அடங்கியிருக்கிறது. மதிப்பெண் ஆண்டுதோறும் தாவினாலும் இந்த இறுதித் தரவரிசை அந்த அளவுக்குத் தாவுவதில்லை. அந்த எண்ணுக்குள் வசதியாக இருப்பவர் நம்பிக்கையோடு இருக்கலாம். பத்து விழுக்காடு முன்பின் இருந்தால் பூவா தலையா என்ற நிலை. இரு மடங்குக்கு அப்பால் இருந்தால் அரசுக் கல்லூரியை மறந்துவிட்டு, சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டைப் பற்றி யோசிப்பது நல்லது.

அமெரிக்காவில் ஆஸ்டியோபதி மருத்துவம் நம் வர்மத்துக்குத் தொலைவு உறவு என்று சொல்லத்தக்கது. எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்வதில் தொடங்கியது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் அதற்கான முதல் கல்லூரியை நிறுவினார். நெடுங்காலம் இரண்டாந்தரமாகக் கருதப்பட்ட அப்பட்டம் இன்று எம்.டி. பட்டத்துக்கு நிகரான முழு மருத்துவ உரிமம் தருகிறது. அக்கல்லூரிகளில் சேர எம்கேட் தேர்வு மதிப்பெண், பட்டப்படிப்புத் தரப்புள்ளி, பரிந்துரைக் கடிதம், நேர்காணல் அனைத்தும் பார்க்கப்படும். எனவே அங்கே தன் வாய்ப்பை ஒரு மாணவர் துல்லியமாகக் கணக்கிட இயலாது. நம் முறையிலோ நேர்காணல் இல்லை, கடிதம் இல்லை. ஒரு தரவரிசை, ஓர் இட ஒதுக்கீட்டு அட்டவணை, அவ்வளவுதான். கணக்கிடக்கூடிய ஒன்றைச் சூதாட்டம்போல் நடத்துவதுதான் வியப்பு. அந்த அறியாமையின் மீதுதான் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆள் பிடிக்கும் தரகர்களின் தொழில் நடக்கிறது. 'உங்கள் மார்க்குக்கு அரசுக் கல்லூரி கிடைக்காது, இன்றே முன்பணம் கட்டினால் இடம் உறுதி' என்ற பேச்சை நம்பி ரப்பர் தோட்டத்தை ஈடு வைப்பவர்கள், முதல் சுற்றுக் கலந்தாய்வு முடியும்வரையாவது பொறுத்திருக்கலாம்.

இனி, குமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல். நீதிபதி பி. கலையரசன் குழு பத்து விழுக்காடு பரிந்துரைக்க, 2020-இல் இயற்றப்பட்ட சட்டம் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டை உள்ஒதுக்கீடாக வழங்கியது. எம்.பி.பி.எஸ்.-க்கு மட்டுமன்றி இந்திய மருத்துவம், ஹோமியோபதிக்கும் அது பொருந்தும். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் நீட் மதிப்பெண், பொதுப்பட்டியலில் இடம் பெறுவோரின் மதிப்பெண்ணைவிட வெகுவாகக் குறைவு. ஆனால் இதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிகள் இதில் அடங்கா.

திருவிதாங்கூர்க் காலத்திலிருந்தே மிஷனரிகள் கல்வி வளர்த்த மாவட்டம் இது. ஊருக்கு ஊர் உதவிபெறும் பள்ளிகள் இருப்பதும், எழுத்தறிவில் மாநிலத்தின் முன்னணியில் நிற்பதும் அதனால்தான். கடற்கரைக் கிராமத்து மீனவரின் மகளும், மலையோரத்துப் பால்வெட்டுத் தொழிலாளியின் மகனும் வீட்டுக்கு அருகே உள்ள அப்பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கிறார்கள். ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசே. வறுமையில் அவர்களுக்கும் அரசுப் பள்ளி மாணவர்க்கும் வேறுபாடு கிடையாது; கலந்தாய்வில் மட்டும் அவர்கள் வசதி படைத்த தனியார் பள்ளி மாணவரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். சட்டத்தின் நோக்கம் பொருளாதாரப் பின்தங்கலை ஈடுசெய்வது என்றால், பள்ளியின் நிர்வாகி யார் என்பதைக் காட்டிலும் மாணவரின் குடும்ப வருமானம் என்ன என்பதே அளவுகோலாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அரசுப் பள்ளிகளுக்கான 7.5 விழுக்காட்டில் கை வைக்காமல், உதவிபெறும் பள்ளிகளின் ஏழை மாணவர்க்குத் தனியே ஒரு சிறு பங்கு ஒதுக்குவது இயலாத காரியம் அல்ல. அதுவரை, பெற்றோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்கும் நாளிலேயே அதன் மருத்துவக் கல்வி வாய்ப்பின் ஒரு பகுதி முடிவாகிவிடுகிறது. எல்லையோரத்தில் கேரளப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவோரும், தமிழகப் பிறப்பிட விதிகளைத் தகவல் தொகுப்பேட்டில் முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது.

மறுதேர்வு எழுதுவதா என்பது அடுத்த கேள்வி. பயிற்சி மையக் கட்டணமும் விடுதிச் செலவும் மட்டுமே அதற்கான விலை என்று நினைக்கிறோம். ஓராண்டு தாமதம் என்பது பணிக்காலத்தில் ஓராண்டு குறைவு. இழப்பது முதலாண்டுச் சம்பளத்தை அல்ல, அனுபவம் முதிர்ந்த கடைசி ஆண்டின் வருமானத்தை. விரும்பும் இடத்தின் இறுதித் தரவரிசைக்கு மிக அருகில் நின்று தவறவிட்டவர்க்கு இந்த விலை தகும். வெகுதொலைவில் இருப்பவர்க்கு, அதுவும் மூன்றாம் முறையாக எழுதுபவர்க்கு, தகாது.

சித்தாவையோ ஆயுர்வேதத்தையோ தேர்பவர்களும் கண்ணைத் திறந்துகொண்டே சேர வேண்டும். உள்ளுறைப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுப் படிப்பு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழி வரும் அரசுப் பணியிடங்கள் ஆண்டுதோறும் வருவதில்லை. மேற்படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. தனியே மருத்துவம் பார்த்துப் பெயர் எடுக்கச் சில ஆண்டுகள் ஆகும். மறுபுறம், வர்மமும் புற மருத்துவமும் பாடத்திட்டத்தில் உள்ள படிப்பு இது. மூட்டுவலியும் முதுகுவலியும் பெருகி, முதியோர் தொகை கூடிவரும் நம் மாவட்டத்தில் அத்திறனுக்குத் தேவை குறையப் போவதில்லை. விருப்பத்தோடு முதல் தெரிவாக இதை எடுப்பவர், எம்.பி.பி.எஸ். கிடைக்காத வருத்தத்தோடு வந்து ஓராண்டில் விலகிப்போகிறவரைவிட நன்றாகவே படிப்பார். அப்படி விலகுபவர் விட்டுச்செல்லும் இடம் அந்த ஆண்டு வேறு யாருக்கும் பயன்படுவதில்லை.

தேர்வுக்குழுவும் ஒன்று செய்யலாம். கல்லூரிவாரியாக, வகுப்புவாரியாக, சுற்றுவாரியாக சென்ற மூன்று ஆண்டுகளின் இறுதித் தரவரிசையை ஒரே தாளில், தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் செய்யலாம். அதற்கு ஆகும் செலவு, ஒரே ஒரு குடும்பம் தரகரிடம் இழக்கும் முன்பணத்தைவிட அதிகமாக இராது.