கட்டணப் பட்டியலில் இல்லாத கணக்கு

வியாபாரப் பக்கத்தில் மறதி நோய்க்கு என்ன வேலை என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். மாதந்தோறும் ஒரு பெருந்தொகையைக் கொடுத்து, எழுத்தில் எதுவும் வாங்காமல், பொருளையும் சரியாகப் பார்க்காமல் நாம் செய்கின்ற கொடுக்கல் வாங்கல் ஒன்று இருக்குமானால் அது வியாபாரப் பக்கத்துக்குரிய விடயமே. டிமென்ஷியா என்று வைத்தியர்கள் சொல்லும் மறதி நோய் வந்த தாயையோ தந்தையையோ ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது அப்படியானதொரு கொடுக்கல் வாங்கல்தான். இதை எனது சொந்த வீட்டிலேயே கண்டேன்.

எனது மாமி, அதாவது மனைவியின் உம்மா, மஃரிபை மூன்று முறை தொழத் தொடங்கியபோது நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்துபோனார். ஒருநாள் இரவு இரண்டு மணிக்குக் கேட்டைத் திறந்துகொண்டு வீதிக்கு இறங்கிவிட்டார். "வாப்பா தேடுவாரு, நான் ஊட்டுக்குப் போகணும்" என்றார். அவருடைய வாப்பா மௌத்தாகி நாற்பது வருடங்கள். அதற்குப் பிறகு எனது மனைவி முழுதாகத் தூங்கிய இரவு ஒன்று கிடையாது. பெற்றோரை இல்லத்தில் விடலாமா என்று உறவினர்கள் கேட்ட கேள்விக்கு நான் இங்கே பதில் எழுதப்போவதில்லை. அந்த இரவுகளில் ஒன்றிலாவது கூட விழித்திருந்தவர் கேட்டால் பதில் சொல்வேன்.

தோஹாவில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் ஒரே வசனம்தான் சொன்னார். "நல்ல எடமாப் பாருங்க மச்சான், காசைப் பத்தி யோசிக்காதீங்க." நானும் காசைப் பற்றி யோசிக்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் பிழை. கட்டணம் கூடியதே நல்லது என்று நினைத்துக்கொண்டு, கொழும்புக்கு அண்மையில், தோட்டமும் மாபிள் தரையும் உள்ள ஓர் இல்லத்தில் மாமியைச் சேர்த்தோம். நாங்கள் விசாரித்த மற்ற இரண்டு இடங்களை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கட்டணம். இரண்டாவது மாதப் பட்டியலைப் பார்த்தபோது பம்பர்ஸ், மருந்து, வைத்தியர் வருகை, சலவை, வைத்தியசாலைக்குத் துணை போனது என்று கட்டணத்தில் மூன்றிலொரு பங்கு மேலதிகமாக ஏறியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் மாமி பகலிலும் தூங்கி வழிந்தார். பேச்சுக் குழறியது. வெளியே வேறொரு வைத்தியரிடம் காட்டியபோதுதான், மாலையில் அமைதிப்படுத்துவதற்காக மனநோய் மருந்தொன்று தொடர்ந்து கொடுக்கப்படுவது தெரியவந்தது. அந்த இல்லத்தில் இரவில் பதினைந்து பேருக்கு ஒரேயொரு பெண்தான் பணியில் இருந்தார். ஒருவரால் பதினைந்து பேரைப் பார்க்க முடியாது. பதினைந்து பேரும் தூங்கினால் பார்க்கலாம்.

இவ்வகை மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005 இலும் மீண்டும் 2008 இலும் எச்சரித்திருக்கிறது. தவிர்க்க முடியாத நேரங்களில் வைத்தியர் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குக் கொடுப்பதுண்டு. ஆள் பற்றாக்குறைக்குப் பதிலாகக் கொடுப்பது வேறு கதை.

எனது தொழில் மற்றவர்களுடைய கணக்குகளைப் பார்ப்பது. கெய்சர் வீதியில் ஒருவர் கீ மணி கொடுத்துக் கடையொன்றை எடுப்பதென்றால் மூன்று வருடக் கணக்கு, வரி ரசீது, மின்சாரப் பட்டியல் எல்லாம் கேட்டு வாங்கச் சொல்பவன் நான். பக்கத்துக் கடைக்காரரிடமும் விசாரிக்கச் சொல்வேன். அதே நான் மாமியைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு ஒப்படைத்தேன் என்பதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது முறை தேடியபோது முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் ஆள் கணக்கு. இதை எந்த வாசகரும் ஒரு துண்டுக் கடதாசியில் போட்டுப் பார்க்கலாம். இருபது முதியவர்கள் உள்ள ஓர் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். பகல் பன்னிரண்டு மணித்தியாலம் மூவர், இரவு பன்னிரண்டு மணித்தியாலம் இருவர். நாளொன்றுக்கு 60 மணித்தியாலம், வாரத்துக்கு 420. கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொல்லும் வாரத்துக்கு 45 மணித்தியாலத்தை அளவாக எடுத்தால் ஒன்பது பேருக்கு மேல் தேவை. லீவு நாட்களையும் சேர்த்தால் பத்துப் பேர். 2026 ஜனவரி முதல் சட்டம் நிர்ணயித்துள்ள ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. தொழில்தருநர் செலுத்தும் ஈபிஎஃப் 12 வீதம், ஈடிஎஃப் 3 வீதம் சேர்ந்தால் 34,500. பத்துப் பேருக்கு 345,000. இருபதால் பிரித்தால் தலைக்கு 17,250 ரூபா. இது பராமரிப்பாளர் சம்பளம் மாத்திரம். வாடகை, சாப்பாடு, மின்சாரம், தாதி, வைத்தியர் எதுவும் இதில் இல்லை. ஆகக்குறைந்த சம்பளத்துக்கு இந்த வேலைக்கு நல்ல ஆள் வரவும் மாட்டார். பயிற்சி பெற்றவர் ஒருவருக்கு இரட்டிப்புக் கொடுத்தால் 34,500 ஆகிவிடும்.

இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். மிகவும் மலிவான கட்டணம் சொல்பவரிடம் "இரவில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். மிகவும் கூடிய கட்டணம் சொல்பவரிடமும் அதையே கேளுங்கள். மேலே சொன்ன இல்லத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலப் பராமரிப்புக் கிடைக்கிறது. அமெரிக்கா 2024 இல் தாதிமை இல்லங்களுக்கு 3.48 மணித்தியாலம் என்று விதி செய்தது. இல்ல உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், 2025 இல் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. விதி நிலைக்கவில்லை என்றாலும் அளவுகோல் நமக்கு உதவும். மாபிள் தரைக்குக் கொடுக்கும் காசு எவ்வளவு, மணித்தியாலத்துக்குக் கொடுக்கும் காசு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வீட்டிலேயே ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். ஏஜென்சிக்காரர்கள் "இருபத்துநான்கு மணித்தியாலமும் இருப்பார்" என்று ஒரு பெண்ணை அனுப்புவார்கள். வாரத்துக்கு 168 மணித்தியாலம். 45 ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட நான்கு பேர் செய்ய வேண்டிய வேலை. அந்தப் பெண் எப்போது தூங்குகிறார்? மறதி நோயாளிகள் பலர் விழித்துக்கொண்டு நடமாடும் அதே நேரத்தில்தான்.

அடுத்தது பரிசோதனைப் பதிவுகள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவென்றால் ஒரு கோப்பு இருக்கத்தான் வேண்டும். பார்வையிட வந்தவர் ஏதாவது எழுதியிருப்பார். சமையலறையைப் பார்த்த பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் எழுதியிருப்பார். ஆனால் அந்தக் கடதாசியைக் குடும்பத்தவர் யாரும் கேட்பதில்லை, இல்லங்களும் காட்டுவதில்லை.

நான் கேட்டேன். ஓர் இல்லத்தில் சட்டகமிட்ட பதிவுச் சான்றிதழைச் சுவரில் காட்டினார்கள். திகதியைப் பார்த்தேன், காலாவதியாகியிருந்தது. இன்னொன்றில் முகாமையாளர் "அதெல்லாம் ஒபிஸ்ல இருக்கு ஹாஜியார், நீங்க ஒண்ணுக்கும் பயப்பட வேணாம்" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்றாவது இடம் பழைய வீடு, சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. பொறுப்பாக இருந்த பெண்மணி சற்றுத் தயங்கிவிட்டு ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். குளியலறையில் கைபிடி இல்லை, மருந்து அலுமாரி பூட்டப்படவில்லை, தண்ணீர்த் தாங்கியைக் கழுவ வேண்டும் என்று மூன்று குறைகள் அதில் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே சரிசெய்த திகதி. குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன், கைபிடி இருந்தது.

குறை எழுதப்பட்ட கோப்பைப் பார்த்து மனைவி பயந்தார். எனக்கு அங்கேதான் நம்பிக்கை வந்தது. கணக்காய்வில் ஒரு குறிப்புக்கூட எழுதப்படாத கம்பனியை நான் இதுவரை நம்பியதில்லை.

சாப்பாடு ஹலாலா என்ற கேள்விக்கு எல்லோரும் ஆம் என்றார்கள். இறைச்சி வாங்கும் கடையின் பில்லைக் காட்டியது இந்த இடம் மட்டுந்தான். எங்களைப் போன்றோர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி மொழி. மறதி நோய் முற்றும்போது பிறகு கற்ற மொழி முதலில் தேய்ந்து, தாய்மொழி கடைசி வரை நிற்பது பலரிடம் காணப்படுகிறது. மாமி கடைவீதிச் சிங்களம் சரளமாகப் பேசியவர், இப்போது ஒரு சொல் விளங்குவதில்லை. இரவில் தண்ணீர் கேட்டால் விளங்கிக்கொள்ள ஓர் ஆளாவது வேண்டும். இதற்காக எந்த அதிகாரியும் புள்ளி போடுவதில்லை, நாம்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணைக்குழு ஒவ்வொரு இல்லத்தையும் பரிசோதித்து மிகச் சிறப்பு, நன்று, முன்னேற வேண்டும், போதாது என்று நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுத்து அறிக்கையை வெளியிடுகிறது. 2015 முதல் அந்தத் தரத்தை இல்லங்கள் மக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஆனால் 2024 இல் அந்த ஆணைக்குழுவையே ஆராய்ந்த போது, அதன் கீழுள்ள நிலையங்களில் ஐந்திலொன்றுக்குத் தரமே வழங்கப்படவில்லை என்பதும், சில தரங்கள் பல வருடங்கள் பழையவை என்பதும் வெளிவந்தது. அமெரிக்காவில் 2008 முதல் தாதிமை இல்லங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். நீண்டகாலம் தங்கியிருப்போரில் எத்தனை வீதத்தினருக்கு மனநோய் மருந்து கொடுக்கப்படுகிறது என்பதையும் பகிரங்கமாகப் போடுகிறார்கள். ஆயினும் மறதி நோயாளருக்கென்று நடத்தப்படும் விடுதிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே, மாநில அரசுகளின் அனுமதிப்பத்திரத்தில் இயங்குகின்றன. ஆகவே அறிக்கை கிடைத்தாலும் திகதியைப் பார்க்க வேண்டும், எந்த வகை நிலையத்துக்குரியது என்றும் பார்க்க வேண்டும்.

இல்லம் காட்டாவிட்டால் என்ன செய்வது? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. பதிவு செய்யும் அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் போதும், தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. தங்கியிருக்கும் முதியவர்களின் பெயர், நோய் விபரம் முதலியவற்றை அவர்கள் தர மாட்டார்கள், தரவும் கூடாது. கடைசியாகப் பார்வையிட்ட திகதி, எழுதப்பட்ட குறைகள், அவை திருத்தப்பட்டனவா, முறைப்பாடுகள் எத்தனை என்று மட்டும் கேளுங்கள். எங்கள் கடிதத்துக்குத் தாமதமாகத்தான் பதில் வந்தது, ஆனால் வந்தது.

ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டணம் எப்போது, எவ்வளவு கூடும், வைப்புப் பணம் எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும், வைத்தியசாலையில் இருக்கும் நாட்களுக்கு முழுக் கட்டணமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டபோது, வாய்ப்பேச்சில் நடந்த இடங்களில் குடும்பங்கள் பட்ட பாட்டை நான் அறிவேன். இல்லங்கள் பட்ட பாட்டையும் அறிவேன். கட்ட முடியாத கட்டணமும் நடத்த முடியாத கட்டணமும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

நமது வர்த்தகர்கள் சிலர் முதியோர் இல்லம் தொடங்கும் யோசனையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். இன்னும் சில பத்தாண்டுகளில் நால்வரில் ஒருவர் அப்படியிருப்பார் என்கிறார்கள். கேள்வி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காணி, கட்டிடம், ஏசி என்று தொடங்கும் திட்ட அறிக்கைகளில் இரவுப் பணியாளருக்கு ஒரு வரிதான் இருக்கிறது. அந்த வரியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். பரிசோதனை அறிக்கையை வாசலில் ஒட்டிவைக்கும் முதல் இல்லம் நம்மவருடையதாக இருந்தால் விளம்பரத்துக்குச் செலவழிக்கத் தேவை இராது.

மாமி இப்போது பெயின்ட் உரிந்த அந்த வீட்டில்தான் இருக்கிறார். மருந்து குறைக்கப்பட்ட பிறகு மாலையில் நடமாட்டம் கூடியிருக்கிறது, சில நாட்களில் சத்தமும் போடுகிறார். மனைவி அஸருக்குப் பிறகு போய் மஃரிப் வரை கூட இருக்கிறார். போன வாரம் நான் போனபோது மாமி என்னைத் தனது தம்பி என்று நினைத்து "சாப்பிட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். திரும்பி வரும் வழியில் சுவரில் தொங்கும் இரவுப் பணிப்பட்டியலைப் பார்த்தேன். இரண்டு பெயர்கள் இருந்தன, இரண்டிலும் கையொப்பம் இருந்தது.