காபியில் கலந்த மாத்திரை

ஏற்காட்டில் ஒரு அம்மா. காபி எஸ்டேட்டில் தினக்கூலி. மகனுக்கு வயது 26.
(அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.)

மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோய். காதில் குரல் கேட்கும். தன் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்பார். சேலத்தில் மனநல மருத்துவரிடம் காட்டி, மாத்திரை சாப்பிட்டு, தேறி வேலைக்கும் போனார். பிறகு "எனக்கு ஒண்ணுமில்ல, மாத்திரை வேண்டாம்" என்று நிறுத்திவிட்டார்.

அம்மா மாத்திரையைப் பொடி செய்து காலைக் காபியில் கலந்தார். ஆறு மாதம் ஓடியது. ஒரு நாள் டம்ளர் அடியில் தங்கிய வெள்ளைப் பொடியை மகன் பார்த்துவிட்டார்.

அதன்பின் அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. என்னிடம் கேட்டார்:
"விஷம் வைக்கிறாங்கன்னு நான் சொன்னப்ப நோய்னு சொன்னீங்க. இப்ப என்ன சொல்றீங்க சார்?"

என்னிடம் பதில் இல்லை.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் என்ற அவர் பயம் நியாயமானது. ஆனாலும் என் கருத்து இதுதான்.

வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாமல் மருந்து கொடுக்காதீர்கள்.

ஏன்?

👉 மருந்தால்தான் நன்றாக இருக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. "மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கேன்" என்ற எண்ணம் இன்னும் உறுதியாகும்.

👉 பாதி டம்ளர் குடித்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது? யாருக்கும் தெரியாது. சில மாத்திரைகளைப் பொடி செய்யவே கூடாது. பக்கவிளைவு வந்தால் அவரால் காரணம் சொல்லவும் முடியாது.

👉 18 வயது முடிந்தவர் தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்யும் திறன் உள்ளவர் என்றே 2017 மனநலச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது.

சரி டாக்டர், சாப்பிட மாட்டேங்கிறானே, என்ன பண்றது?

முதலில் "ஏன் வேண்டாம்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் உட்காருங்கள்.

காலையில் எழ முடியாத தூக்கம், எடை கூடுவது, கை நடுக்கம், உடல் இறுக்கம், தாம்பத்திய ஆர்வம் குறைவது... எல்லாமே உண்மையான தொந்தரவுகள். கடைசியாகச் சொன்னதை எந்த மகனும் அப்பா அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், சிலருக்கு மாதம் ஒரு ஊசி போதும்.

சிலருக்கு நோய் இருப்பதே தெரியாது. அது பிடிவாதம் இல்லை, நோயின் ஒரு பகுதி. அமெரிக்க உளவியலாளர் சேவியர் அமடோரின் அண்ணனுக்கும் இதே நோய்தான். வாதாடி ஒப்புக்கொள்ள வைக்க முடியாது என்பதை வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். "உனக்கு நோய்" என்று சண்டை போடுவதை விட, "ராத்திரி தூங்கணும், வேலைக்குப் போகணும்னு சொல்றியே, அதுக்கு என்ன செய்யலாம்?" என்று பேசுங்கள்.

சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொள்ள வேண்டுமா? தாராளமாக. மாத்திரையும் இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. தற்கொலைப் பேச்சு, அடிதடி, நாள் கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது என்றால் காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் அவசர சிகிச்சை தரச் சட்டமே வழி வைத்திருக்கிறது. சங்கிலியில் கட்டாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கட்டிப்போட்ட நிலையில் 28 பேர் தீயில் கருகினார்கள். இன்று சங்கிலியில் கட்டுவதைச் சட்டம் தடை செய்கிறது.

யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் டெலி மனாஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். பெற்றோரும் பேசலாம்.

அந்த அம்மா என்ன செய்தார்?

"கண்ணு, பயத்துல பண்ணிட்டேன். இனிமே உனக்குத் தெரியாம எதுவும் தர மாட்டேன்" என்று மகனிடம் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து மகன் தனியாக ஓபிக்கு வந்தார். காலை மாத்திரை போட்டால் வேலையில் தூங்கி விழுகிறேன், மேஸ்திரி திட்டுகிறார் என்றார். அவ்வளவுதான் காரணம். மனநல மருத்துவரிடம் பேசி இரவு வேளைக்கு மாற்றினோம். இப்போது அவரே எடுத்துப் போடுகிறார். சில நாள் விட்டும் விடுகிறார். விட்டால் சொல்கிறார்.

காபி மட்டும் இன்னும் தானே போட்டுத்தான் குடிக்கிறார். நேற்று அம்மாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாராம்.


அரசு பொது மருத்துவர், எம்.பி.பி.எஸ்.